அரக்க ராஜாவின் ராஜினாமாக் கடிதம்

எழுபத்தேழு மாடிக் கோபுரத்தின் உச்சியில் உட்கார்ந்து உலகத்தையே ஆட்டிப்படைத்த அரக்க ராஜா, லிப்ட்காரரோடு சண்டை போடவே இல்லை. ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

இதை, பழுதான லிப்டுகளைச் சரிசெய்யும் அந்த லிப்ட்காரர் இருபத்தொன்பது வருடங்களாகச் சொல்லிவருகிறார். பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி சொல்லியிருக்கிறார். பேருந்து நிறுத்தத்தில் சொல்லியிருக்கிறார். கேட்டவர் தன் பேருந்து வருவதற்கு முன்பே வேறு பேருந்தில் ஏறிப் போயிருக்கிறார். இரண்டு மாடிகளுக்கு நடுவே லிப்ட் நின்று உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்குக் கதவிடுக்கு வழியாகச் சொல்லியிருக்கிறார். அவர்கள் மட்டும்தான் கடைசி வரைக்கும் கேட்டவர்கள்.

"ஒரு கீறல் இல்லைங்க. கத்தியை உறையிலேர்ந்து எடுக்கவே இல்லை. 'இத்துடன் என் பதவியைத் துறக்கிறேன், கிரீடம் மேசை மேல் இருக்கிறது'ன்னு எழுதி வெச்சுட்டுப் படியிறங்கிப் போயிட்டான். எழுபத்தேழு மாடி. பாவம், லிப்ட் கிடையாது. எவனோ பொறுப்பில்லாத பய கட்டின கட்டடம்."

கோபுரமும் அரக்கனும் 'ஏழு கோபுரச் சாபம்' என்ற பழைய வீடியோ கேமில் வருகிறவை. நீங்கள் ஒரு வீரன். கூட மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். முன்பின் தெரியாதவர் வீட்டுக்குள் புகுந்து, அவர் கண் முன்னாலேயே பானையை உடைத்து, அலமாரியைத் திறந்து, இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அவரும் "வருக வீரரே, இன்று வானிலை நன்று" என்பார். மறுபடி பேசினால் மறுபடியும் வானிலை நன்று. ஊரே பற்றி எரிந்தாலும் வானிலை நன்று.

லிப்ட்காரரின் பேச்சை நம்பாதவர்கள் ஊரில் எல்லோரும். ஆனால் நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவர் ஒருவர்தான். அவர் மனைவி.

மனைவி தொலைபேசி அலுவலகத்தின் புகார் கவுன்ட்டரில் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். "புகார் பதிவாயிடுச்சு, இருபத்துநாலு மணி நேரத்துல சரியாயிடும்" என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லியே ஓய்வூதியம் சம்பாதித்தவர். கணவர் அரக்கன் கதையை எடுத்தால் அவரிடம் இன்னொரு வாக்கியம் தயாராக இருக்கும்.

"சும்மா இருங்க. அப்படி எதுவும் நடக்கல."

இப்படியே காலம் போயிருக்கும். மகள்தான் கெடுத்தாள்.

மகள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்க வருகிறவர்கள், கடைசி வரிசை தெரியவில்லை என்றதும் சோகமாகி, சின்ன வயதில் மணிக்கணக்காக டிவி முன்னால் கேம் ஆடியதைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார்கள். அவள் அதையெல்லாம் பதிவு செய்தாள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர், நர்ஸ், மீன் வியாபாரி, ஓய்வுபெற்ற நீதிபதி என்று நானூற்றுப் பன்னிரண்டு பேர். யார் எந்தக் குகையில் வழி தெரியாமல் அலைந்தார், யார் எந்தக் குதிரைக்காக அழுதார், எல்லாம். ஆறு வருட உழைப்பு. அவ்வளவையும் கொண்டுபோய்ப் பேரவையில் சேர்த்தாள். நானூற்றுப் பதின்மூன்றாவதாக அப்பாவுடைய கதையையும் சேர்த்தாள்.

பாத்திரமேற்பு விளையாட்டு நினைவாளர் பேரவை என்பது அதன் முழுப்பெயர்; 'நீங்கள் ஒரு வீரன்' வகைக் கேம்களை ஆடியவர்களின் சங்கம். நகல் எடுக்கும் கடையின் பின்னறையில் ஆறு பேர் கூடி "உனக்கு எது பிடிச்சுது?" என்று கேட்டுக்கொண்டதில் தொடங்கியது. ஒருநாள் இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசிவிட்டார்கள். ஒழுங்கு வேண்டும் என்று ஒரு தலைவரைப் போட்டார்கள். தலைவருக்கு மேசை வேண்டும், மேசைக்கு அறை வேண்டும், அறை வாசலில் காத்திருக்க ஆள் வேண்டும், ஆளைக் காக்கவைக்க ஒரு செயலாளர் வேண்டும். இப்போது மூன்று மாடிக் கட்டடம். பதினொரு பிரிவுகள்.

அங்கே கருத்து சொல்ல வேண்டுமானால் முறை உண்டு. நாற்பது மணி நேரம் ஆடியவர் ஒரு கருத்து சொல்லலாம். நூறு மணி நேரம் ஆடியிருந்தால் எதிர்க்கருத்து. "பிடிச்சுது, ஏன்னு தெரியல" என்பதற்குச் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். "முன்ன மாதிரி இல்லை" என்ற கருத்துக்கு மட்டும் படிவம் தேவையில்லை; எந்த விளையாட்டைப் பற்றியும், அதை ஆடாமலேயும், வாசல் காவலாளியிடம்கூடச் சொல்லிவிட்டுப் போகலாம்.

நினைவுக்குக் கெடுபிடி இன்னும் அதிகம். ஒரு நினைவு நடந்ததாக ஏற்கப்பட, அந்த அறையில் இருந்த ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். சொந்தக்காரர் சாட்சி செல்லாது. ஆனால் அந்தக் காலத்தில் சொந்தக்காரர் அல்லாத எவனை வீட்டுக்குள் விட்டார்கள்? ஆகவே பேரவையின் கணக்குப்படி உலகத்தில் இதுவரை பதினேழு பேர்தான் விளையாடியிருக்கிறார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை நோட்டீஸ் வந்தது. மகள் சத்தமாகப் படித்தாள்.

"'நினைவு எண் நானூற்றுப் பதின்மூன்று நடந்ததாகத் தெரியவில்லை. பதினைந்து நாட்களுக்குள் அதை நடந்ததாகச் செய்யவும். தவறினால், சேகரித்தவரின் பெயர் நீக்கப்படும். அவர் சேகரித்த மற்ற நானூற்றுப் பன்னிரண்டு நினைவுகளும் தொற்று ஏற்பட்டவையாகக் கருதி அழிக்கப்படும். உரியவர்களுக்கு அவர்கள் விளையாடவில்லை என்று தபாலில் தெரிவிக்கப்படும். சேகரித்தவர் பொதுச்சபை முன் மன்னிப்பு வாசிப்பார்.'"

அவள் காகிதத்தை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். கைக்கு வேறு வேலை தெரியவில்லை.

"அந்த மீன்காரர் பேசி முடிச்சதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டாருப்பா. 'இதை யாரும் கேட்டதே இல்லம்மா'ன்னார். அவருக்கு எப்படிப்பா தபால் அனுப்புவாங்க?"

லிப்ட்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "விடு கண்ணு. நான் போறேன். நடந்ததை நடந்துச்சுன்னு சொல்ல எனக்கென்ன பயம்?"

"நடக்கலையே," என்றார் மனைவி, துணி மடித்தபடி.

"அம்மா!"

"உண்மையைச் சொன்னேன்டி."

மறுநாள் லிப்ட்காரர் பேரவைக்குப் போனார். வரிசை கட்டடத்தை மூன்று முறை சுற்றிவந்து தன் வாலிலேயே முடிந்திருந்தது. யார் முதல் ஆள் என்பதே யாருக்கும் தெரியவில்லை. ஆனால் ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. அதுதான் லிப்ட்காரரைக் கலக்கியது. மனு கொடுக்கத் தேவையான சிவப்புச் சீட்டை முதல் கவுன்ட்டரில் கேட்டால் இரண்டாம் மாடிக்குப் போகச் சொன்னார்கள். இரண்டாம் மாடிக்காரர் நீலச் சீட்டு இருந்தால்தான் சிவப்பு என்றார். நீலச் சீட்டுக்காரருக்குப் பேனா மூடி தொலைந்துபோயிருந்தது, அதைத் தேடிக் கொடுத்தால்தான் தருவாராம். வரிசையில் இருந்தவர்கள் துள்ளிக் குதித்தார்கள்.

"அண்ணே, பேனா மூடியா? சூப்பர்ணே! எனக்கு ஒரு பூனையைத்தான் தேடச் சொன்னாங்க!" என்றார் பக்கத்தில் நின்ற தச்சர், பொறாமையோடு.

"ஏம்ப்பா, உங்களுக்கெல்லாம் எரிச்சலா இல்லையா?"

"எதுக்குண்ணே எரிச்சல்? வேலை குடுத்திருக்காங்க, முடிச்சா ஏதாவது குடுப்பாங்க. இப்படித்தானே நாம வளர்ந்தோம்?"

நீலச் சீட்டுக்காரரிடம் "மூடியை எங்கே கடைசியாப் பார்த்தீங்க?" என்று கேட்டார் லிப்ட்காரர். "வருக உறுப்பினரே, இன்று கூட்டம் குறைவு" என்றார் அவர். மறுபடி கேட்டார். இன்று கூட்டம் குறைவு. அவர் முதுகுக்குப் பின்னால் இருநூறு பேர் நசுங்கிக்கொண்டிருந்தார்கள்.

மூடி நீலச் சீட்டுக்காரரின் காதில் செருகியிருந்தது. எடுத்துக் கொடுத்ததும் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அடுத்தது ஏக்கப் பிரிவு. அங்கே லிப்ட்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, கன்னங்களில் மையொற்றும் தாளை ஒட்டி, விளையாட்டின் தொடக்க இசையைப் போட்டார்கள். தாள் எவ்வளவு நனைகிறது என்று பார்த்து ஏக்கத்தை மதிப்பிடுவார்களாம். லிப்ட்காரருக்கோ அந்த இசையைக் கேட்டதும் குஷி வந்துவிட்டது. காலால் தாளம் போட்டுச் சிரித்தார்.

"என்ன செய்றீங்க?" என்றார் அதிகாரி, பதறிப்போய்.

"சந்தோஷமா இருக்குங்க."

"சந்தோஷத்துக்கு இங்க பிரிவு இல்லை. பத்து வருஷம் முன்னாடி கீழ்த்தளத்துல இருந்துச்சு. இப்ப அங்க தண்ணி மோட்டார் இருக்கு." உலர்ந்த தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கோப்பில் எழுதினார்: 'ஏக்கம் இல்லை. விளையாடியிருக்க வாய்ப்புக் குறைவு.'

மூன்றாம் நாள் நினைவு ஆய்வாளர் வீட்டுக்கே வந்தார். கையில் அளவு நாடா, கழுத்தில் இரண்டு கண்ணாடிகள். ஒன்று இப்போதைய சுவரைப் பார்க்க, மற்றது அந்தக் காலத்துச் சுவரைப் பார்க்க. டிவி இருந்த இடத்தை அளந்தார். நாற்காலி இருந்த இடத்தை அளந்தார். இரண்டுக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தை அளந்து, "இது அப்ப இருந்ததா?" என்று கேட்டார்.

பிறகு விசாரணை தொடங்கியது.

"அரக்கனை எப்படிப் பதவி விலகவெச்சீங்க?"

"பொறுமையா இருந்தேங்க. கடைசி அறைக்குள்ள போனேன். அரக்கன் நின்னான். அந்த விளையாட்டுல நாம ஏதாவது செஞ்சாத்தான் அவனும் செய்வான். நான் எதுவுமே செய்யாம காத்திருந்தேன். ஒன்பது மணி நேரம்."

"எங்க காத்திருந்தீங்க?"

லிப்ட்காரர் தொண்டையைச் செருமினார். "ஒரு ஆபீஸ்ல. லிப்ட் கூரை மேல."

"டிவி எங்க இருந்துச்சு?"

"இங்கதான், வீட்டுல. காலையில ஒன்பது மணிக்கு அறைக்குள்ள நுழைஞ்சேன், உடனே போன் வந்துடுச்சு. உள்ள பதினாலு பேர் மாட்டிக்கிட்டாங்க. கன்ட்ரோலரை நாற்காலி மேல வெச்சுட்டு ஓடினேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து பார்த்தா டிவில ராஜினாமாக் கடிதம். எதிரி அசையாம நின்னா எவனுக்கும் மனசு விட்டுப்போகும்ங்க. அரக்கனா இருந்தா என்ன?"

"அப்ப வீட்டுல யார் இருந்தாங்க?"

"நான்தான்," என்றார் மனைவி. "அன்னிக்கு எனக்கு லீவு. துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன். அப்படி எதுவும் நடக்கல."

ஆய்வாளரின் பேனா நின்றது. முகம் மலர்ந்தது. "சொந்தக்காரங்க ஆதரவா சொன்னாத்தான்மா செல்லாது. எதிரா சொன்னா ரொம்பச் செல்லும்! எவ்வளவு காலமா மறுக்கறீங்க?"

"இருபத்தொன்பது வருஷமா."

"இடைவெளி இல்லாமலா?"

"பிரசவத்தப்போ ரெண்டு நாள் லீவு."

ஆய்வாளர் எழுந்து நின்று வணங்கினார். அந்த வாரமே மனைவிக்கு 'அங்கீகரிக்கப்பட்ட மறுப்பாளர்' என்ற பட்டயம் வந்தது. சட்டையில் குத்திக்கொள்ளப் பித்தளை வில்லை. அதோடு ஒரு கடிதம்: புதிதாகத் தொடங்கப்படும் பன்னிரண்டாவது பிரிவான ஐயப் பிரிவுக்கு அவரே தலைமை. தனி அறை, சுழல் நாற்காலி, ஜன்னல். முப்பத்திரண்டு வருடம் ஜன்னலில்லாத கவுன்ட்டரில் இருந்த மனுஷிக்கு ஜன்னல்!

"பொதுச்சபையில வந்து ஒரே ஒரு தடவை 'நடக்கல'ன்னு சொன்னாப் போதுமாம்," என்றார் மனைவி, வில்லையைத் துணியால் துடைத்தபடி.

மகள் மன்னிப்புக் கடிதத்தை எழுதப் போனாள்.

பொதுச்சபை நடந்த மண்டபத்தில் எள் போட இடமில்லை. மகளிடம் நினைவுகளைச் சொன்ன நானூற்றுப் பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள், தாங்கள் விளையாடினோமா இல்லையா என்று தெரிந்துகொள்ள. மேடையில் பழைய பெட்டி டிவி. தலைவர் மைக்கைத் தட்டினார். உயரமானவர், விளையாட்டைக் கரைத்துக் குடித்தவர் என்று பெயரெடுத்தவர்.

"அன்பான நினைவாளர்களே! இந்த விளையாட்டை நான் முப்பத்தொரு வருஷமா நேசிக்கிறேன். அதனாலதான் இன்னும் முடிக்கல! முடிச்சவனுக்கு நினைவுதான் மிஞ்சும். முடிக்காதவனுக்குத்தான் கருத்து சொல்லத் தகுதி. இந்தப் பேரவையின் நிர்வாகிகள் ஒருத்தர்கூட எந்த விளையாட்டையும் முடிச்சதில்லைன்னு பெருமையோட சொல்லிக்கிறேன்!"

கைதட்டல்.

"நான் இப்ப எங்க நிக்கிறேன்? கடைசிக் கதவுக்கு முன்னாடி! தொண்ணூற்றொன்பது உயிர்மருந்தோட! ஒண்ணைக்கூட உபயோகிச்சதில்லை. என் வீரர்கள் நாலு பேர்ல மூணு பேர் செத்துட்டாங்க. அப்பவும் உபயோகிக்கல. ஏன்? இதைவிடப் பெரிய அவசரம் வந்தா? செத்தவங்ககூட அதைப் புரிஞ்சிக்கிட்டாங்கன்னு நினைக்கிறேன்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்படிப்பட்ட அரக்கன், ஒரு லிப்ட் ரிப்பேர்காரருக்கு, அதுவும் அவர் வீட்டுலயே இல்லாதப்போ, ராஜினாமா குடுத்தானாம். நாங்க இவ்வளவு வருஷமா வாசல்ல நிக்கிறோமே, எங்களுக்கு ஒரு லீவு லெட்டர்கூடக் குடுக்கலையே!"

மறுநிகழ்வுச் சோதனை தொடங்கியது. லிப்ட்காரர் சொன்னபடியே செய்து காட்ட வேண்டும். பேரவை முத்திரையிட்ட ஆட்டத்தில்தான் சோதனை நடக்கலாம் என்பது விதி. விதியை எழுதியவர் தலைவர். முத்திரையிடப்பட்ட ஆட்டம் உலகத்திலேயே ஒன்றுதான், தலைவருடையது. கடைசிக் கதவுக்கு முன்னால் நின்ற அந்த ஆட்டத்தைத் திறக்க அவர் கையெழுத்துப் போடும்போது, பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் தகப்பன்போல் தோள் குலுங்கியது.

காலை ஒன்பது மணிக்குக் கதவு திறந்தது. அரக்க ராஜா எழுந்து நின்று வாளை ஓங்கினான். லிப்ட்காரர் கன்ட்ரோலரை நாற்காலி மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

செயலாளர் குறிப்பு எழுதினார். 'ஒன்பது ஐந்து: அரக்கன் நிற்கிறான். ஒன்பது பத்து: அரக்கன் நிற்கிறான்.' பத்தரை மணிக்கு நிற்பது பற்றிப் பதினொரு பிரிவுகளும் தனித்தனியே அறிக்கை கொடுத்தன. ஒன்றிலிருந்து இரண்டு வரை உணவு இடைவேளை. அது அரக்கனுக்கும் பொருந்தும் என்று அறிவித்தார்கள். அரக்கன் இடைவேளையிலும் நின்றான். விதிமீறல் என்று பதிவானது. நான்கு மணிக்கு மேல் முன்வரிசையில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் தூக்கத்தில் எதற்கோ வழிவிடச் சொல்லிக் கத்தினார்.

ஆறு மணி அடித்தது. அரக்கன் நின்றுகொண்டிருந்தான்.

லிப்ட்காரர் திரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். இருபத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக அவருக்கே சந்தேகம் வந்தது. தோள் இரண்டும் தொங்கிப்போயின. "நடந்துச்சுங்க," என்றார். குரல் எலிக்குக்கூடக் கேட்டிருக்காது.

"மன்னிப்பு வாசிக்கலாம்," என்றார் தலைவர்.

மகள் மேடையேறினாள். காகிதத்தைப் பிரித்தாள். "பெருமதிப்புக்குரிய பேரவைக்கு. நான் சேகரித்த நினைவுகள்..." மீன் வியாபாரி முதல் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அதைப் பார்த்துவிட்டாள். "நினைவுகள்... என் தந்தை கூறியது பொ... பொ..."

"அவளை ஏன் படுத்தறீங்க?" என்றது ஒரு குரல். "தள்ளுங்க."

மனைவி. பித்தளை வில்லை மின்ன, மேடையேறி, நாற்காலி மேலிருந்த கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். திரையின் அடியில் நான்கு கட்டளைகள் இருந்தன: தாக்கு, தடு, மருந்து, பேசு.

அவர் 'பேசு' என்பதை அமுக்கினார்.

மண்டபம் முழுவதும் மூச்சை இழுத்த சத்தத்தில் ஜன்னல் திரைகள் உள்பக்கமாகப் பறந்தன.

"பேசறதா?" தலைவர் அலறினார். "அம்மா, அது ஊர்க்காரங்ககிட்ட வழி கேக்கறதுக்கு! அரக்கன்கிட்ட யாராவது பேசுவாங்களா? முப்பத்தொரு வருஷத்துல ஒருத்தரும் அமுக்கினதில்லை!"

"அற்ப மானிடனே! உன் முடிவு நெருங்கிவிட்டது!" என்று திரையில் எழுத்து ஓடியது.

"சரிப்பா," என்றார் மனைவி. "சாப்பிட்டியா?" மறுபடி பேசு.

"அற்ப மானிடனே! உன் முடிவு நெருங்கிவிட்டது!"

"காலையிலேர்ந்து நிக்கிறியே, கால் வலிக்காது?" பேசு.

"அற்ப மானிடனே! உன் முடிவு நெருங்கிவிட்டது!"

ஆய்வாளர் ஓடிவந்தார். "அம்மா, நீங்க பேசறது அவனுக்குக் கேக்காது. பொத்தான் மட்டும்தான்!"

"தெரியும்யா. கவுன்ட்டர்ல உக்காந்திருந்தப்போ எனக்கும்தான் ஒண்ணும் கேக்காது. நாள் முழுக்க ஒரே வரியைச் சொல்லிச் சொல்லி நாக்கு தேஞ்சுபோயிருக்கும். அப்ப யாராவது வந்து எதையாவது கேட்டா, பதிலுக்கு அதே வரிதான் வாயில வரும். ஆனா உள்ள ஏதோ ஒண்ணு அசையும்." பேசு. "ஏம்ப்பா, உனக்குப் பதிலா மாத்து ஆள் கிடையாதா?" பேசு. "யாரு உன்னை இங்க போட்டது?" பேசு.

நாற்பது, ஐம்பது, எழுபது. செயலாளர் எண்ணிக்கொண்டே வந்தார். எண்பத்தெட்டாவது தடவை அரக்கன் வாளைக் கொஞ்சம் இறக்கினான். மண்டபத்தில் தூங்கியவர்கள் விழித்தார்கள். நூற்றுப்பத்தாவது தடவை, "மானிடனே, உன் முடிவு நெருங்கிவிட்டது" என்று வந்தது.

"'அற்ப' போயிடுச்சு!" என்று மீன் வியாபாரி நாற்காலி மேல் ஏறிக் கத்தினார். "பார்த்தீங்களா, மரியாதை குடுக்கறான்!"

நூற்று அறுபதில் எல்லோரும் எழுந்து நின்று மனைவியோடு சேர்ந்து அரக்கனிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். நர்ஸ் அவனுடைய முதுகுவலியைப் பற்றிக் கேட்டார். நீதிபதி, நியமன உத்தரவு எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார். நீலச் சீட்டுக்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து, "தம்பி, உனக்கும் ரொம்ப வருஷம் ஆயிடுச்சில்ல?" என்று கேட்டுவிட்டுப் பொலபொலவென்று அழுதார். ஏக்கப் பிரிவு அதிகாரி தாளோடு ஓடினார். ஒரு கட்டுத் தாளும் போதவில்லை.

இருநூற்று ஐந்தாவது தடவை: "யாருடைய முடிவு?"

இருநூற்றுப் பதினொன்று: "எனக்கும் ஒரு வீடு இருந்தது."

இருநூற்றுப் பதின்மூன்றாவது தடவை அரக்க ராஜா வாளைச் சுவரில் சாய்த்தான். திரை முழுவதும் எழுத்து வந்தது. 'இத்துடன் என் பதவியைத் துறக்கிறேன். கிரீடம் மேசை மேல் இருக்கிறது.' பிறகு படியிறங்கினான். எழுபத்தேழு மாடி, ஒவ்வொரு மாடியாக. பதினொரு நிமிடம் ஆனது. மண்டபத்தில் அத்தனை பேரும் மாடியை எண்ணினார்கள். தரைத்தளம் வந்ததும் போட்ட கூச்சலில் மூன்றாம் மாடியில் இருந்த கோப்புகள் அலமாரியோடு சரிந்து விழுந்தன.

தலைவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப என் தொண்ணூற்றொன்பது மருந்து?"

"இருக்கட்டுமே," என்றார் தச்சர். "அவசரத்துக்கு ஆகும்."

மகள் மன்னிப்புக் கடிதத்தை நாலாய், எட்டாய்க் கிழித்துக்கொண்டிருந்தாள். அப்போது ஆய்வாளர் கையை உயர்த்தினார்.

"அமைதி! இப்ப நடந்தது இன்னிக்கு நடந்த நிகழ்ச்சி. நினைவு எண் நானூற்றுப் பதின்மூன்று, இருபத்தொன்பது வருஷத்துக்கு முந்தினது. அது நடந்ததுக்கு இது சான்றாகாது. கோப்புல அங்கீகரிக்கப்பட்ட மறுப்பாளரோட மறுப்பு அப்படியே இருக்கு. அவர் அதை மாத்தாத வரைக்கும் நானூற்றுப் பன்னிரண்டும் அழிக்கப்படும். மாத்தினா, ஐயப் பிரிவுத் தலைமை போயிடும். சுழல் நாற்காலி, ஜன்னல் எல்லாமே போயிடும்." அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கம்மா. அன்னிக்கு நடந்ததா, நடக்கலையா?"

லிப்ட்காரர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். இருநூற்றுப் பதின்மூன்று தடவை பேச வேண்டும் என்று இந்த மனுஷிக்கு எப்படித் தெரியும்? நடுவில் ஓர் இடத்தில்கூடத் தயங்கவில்லையே? அவர் வாய் மெதுவாகத் திறந்துகொண்டது.

"ஏம்மா... நீயா?"

மனைவி வில்லையைக் கழற்றினார்.

"கத்தாதீங்க. அந்த வாரம்தான் உங்களைத் திட்டினேன், கல்யாணமான ஆம்பளை டிவி முன்னாடி பொம்மை ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்களேன்னு. நீங்க லிப்டைப் பார்க்க ஓடினதும் தூசி தட்டலாம்னு அதைக் கையில எடுத்தேன். எடுத்தவ வெக்கல. துணி ஒண்ணுகூட மடிக்கல. நீங்க வந்து 'ஜெயிச்சுட்டேன், ஜெயிச்சுட்டேன்'னு குதிச்சீங்க. அப்ப எந்த முகத்தோட சொல்றது, நான்தான் உக்காந்து ஆடினேன்னு?"

"அதுக்காக இருபத்தொன்பது வருஷமா?"

"முதல் நாள் சொல்லாததை ரெண்டாம் நாள் எப்படிச் சொல்றது? அப்படியே போயிடுச்சு." அவர் வில்லையை ஆய்வாளரின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். "எழுதிக்கோங்கய்யா. நடந்துச்சு. ஆனா இவர் சொல்ற மாதிரி சண்டையே இல்லாமன்னு எழுதாதீங்க. நூறாவது தடவை அவனை நான் நல்லாத் திட்டினேன்."